ஆறு சொற்கள் மட்டும் உதிராத புத்தகம்

உப்பூரணிப் பேருந்து நிலையத்தில் எழுத்துகள் உதிரத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, திருச்செந்தூர் வண்டி கிளம்பிப் போய் விளாத்திகுளம் வண்டி இன்னும் வந்து சேராத இடைவெளியில், அறிவிப்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம் தன் நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு புத்தகத்தைப் பற்றி ஒலிபெருக்கியில் மனதில் பட்டதைச் சொன்னபோது.

அதற்கு முந்தைய பதினான்கு வருஷமும் அவள் அந்தக் கூண்டில்தான் இருந்தாள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, யாருடைய குடை டீக்கடையில் கிடக்கிறது, யாருடைய பிள்ளை அழுதுகொண்டு நிற்கிறது என்று எட்டு ஊதுகுழல் ஒலிபெருக்கிகளில் சொல்வது அவள் வேலை. பேருந்து நிலையத்தை ஒட்டியே கிளை நூலகம். அதன் நூலகர் மரியசெல்வம், யாரும் வராத நூலகத்துக்கு ஆள் வரட்டும் என்று, புதிதாக வந்த புத்தகங்களைப் பற்றி வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு வார்த்தை சொல்லும்படி அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் எல்லாவற்றையும் வாசித்தாள். கூண்டில் வாசித்தாள், சோற்றுத் தட்டுக்கு முன்னால் வாசித்தாள், தண்ணீர் லாரி வரிசையில் குடத்தின்மேல் உட்கார்ந்து வாசித்தாள், வாசித்து முடித்து எல்லாவற்றுக்கும் ஒரே வாசகத்தைச் சொன்னாள்: "அனைவரும் வாசிக்க வேண்டிய அருமையான நூல்." மனதுக்குள் வேறு ஏதாவது தோன்றினால் விழுங்கிக்கொண்டாள். புத்தகம் எழுதுகிறவர்கள் பெரிய மனிதர்கள், அவளோ பத்தாம் வகுப்பு.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பல்வலி. கையில் இருந்தது, விடிகாலை நான்கு மணிக்கு எழுந்தால் வாழ்க்கை தலைகீழாக மாறிவிடும் என்று நூற்றெண்பது பக்கத்துக்குச் சொல்லும் ஒரு முன்னேற்றப் புத்தகம்.

"இதை எழுதினவரு நாலு மணிக்கு எழுந்திரிக்கச் சொல்லுதாரு. நான் இருபத்தஞ்சு வருஷமா நாலு மணிக்குத்தான் எழுந்திரிக்கேன், தண்ணி லாரி அப்பத்தான் வரும். எனக்கு ஒண்ணும் மாறல. இவரு ஒருநாளாவது அந்த நேரத்துக்கு எழுந்திரிச்சிருப்பாருன்னு எனக்குத் தோணல. விளாத்திகுளம் வண்டி மூணாம் நடைமேடைக்கு வருது" என்று அவள் சொல்லி வாயை மூடியதும், சுளகில் எள்ளைக் கொட்டியது போல ஒரு சத்தம் கேட்டது. அவள் மடியில் இருந்த புத்தகத்திலிருந்து எழுத்துகள் உதிர்ந்துகொண்டிருந்தன. உயிர்மெய் எழுத்துகள் கொத்தாக விழுந்தன, கொம்புகளும் கால்களும் தனியாகக் கழன்று விழுந்தன, புள்ளிகள் மட்டும் கனமில்லாமல் காற்றில் கொஞ்ச நேரம் நின்று பிறகு விழுந்தன. ஒலிபெருக்கியின் சத்தம் எட்டிய தூரத்தில் அந்தப் புத்தகத்தின் எத்தனை பிரதிகள் இருந்தனவோ அத்தனையும் அதே நேரத்தில் உதிர்ந்தன என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துபோனது. மருந்துக்கடை மேஜையில் ஒன்று, இரண்டாம் நடைமேடை வண்டியில் ஒரு கல்லூரிப் பெண்ணின் பையில் ஒன்று, நூலகத்தில் ஒன்று. எல்லாவற்றிலும் மிஞ்சியது தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: எனக்கு முதுகுவலி உண்டு.

ஊர் இதற்கெல்லாம் பதறவில்லை. கடல் உள்ளே வந்து போன ஊர் அது, உப்புக்காற்று இரும்பைத் தின்பதைப் பார்த்துப் பழகின ஊர். பேருந்து நிலையம் கூட்டுகிற பாக்கியம் அன்று சாயங்காலம் ஒரு கூடை எழுத்துகளை அள்ளி வைத்துக்கொண்டு, "இது மக்குற குப்பையா மக்காத குப்பையா, எதுல போட?" என்று மட்டும் கேட்டாள். சுகாதார ஆய்வாளர் இரண்டு நாள் யோசித்து, காகிதம்தான் மக்கும், எழுத்து மக்காது என்று தீர்ப்புச் சொன்னார். டீக்கடைக்காரர் கிளாஸ்களை மூடி வைக்கப் பழகிக்கொண்டார், அப்படியும் ஒரு நாள் ஓட்டுநர் ஒருவரின் டீயில் ஒரு 'ஞ' மிதக்க, அவர் அதை விரலால் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டுக் குடித்தார். பெண்கள் காயப்போட்ட சேலைகளை உதறி மடித்தார்கள். பிள்ளைகள் தங்கள் பெயரின் முதல் எழுத்தைத் தேடிப் பொறுக்கிக் கண்ணாடிக் குப்பியில் சேர்த்தார்கள். ழகரம் கிடைப்பது அரிது என்பதால் ஒரு ழகரத்துக்கு நாலு ககரம் என்று கைமாற்றிக்கொண்டார்கள். எல்லாரும் பழகிக்கொண்டார்கள். தங்கபுஷ்பம் ஒருத்திதான் பழகவில்லை. ஒவ்வொரு முறை அந்த எள் கொட்டும் சத்தம் கேட்கும்போதும் முதல் நாள் போலவே அவள் திடுக்கிட்டு மடியைப் பார்த்தாள்.

ஆனால் நிறுத்தவும் முடியவில்லை. மனதில் பட்டதைச் சொன்ன வாய், மறுபடி அந்தப் பழைய வாசகத்தைச் சொல்லப் போனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எனவே சொன்னாள். ஆடு மாடுகளுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு கால்நடை மருத்துவர் எழுதின கைப்புத்தகத்தை, "வாசிக்கச் சுவாரஸ்யம் கிடையாது, ஆனா இந்த மனுஷன் மாட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்காரு" என்று சொன்னாள். ஒரு புள்ளிகூட உதிரவில்லை. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் பதினேழு நாடுகள் சுற்றி வந்து எழுதின பயண நூலை, "போன இடமெல்லாம் இவரு தன்னைத்தான் பார்த்துட்டு வந்திருக்காரு" என்றாள். வயிற்றுப்போக்கு வந்த மூன்று பக்கங்கள் தவிர எல்லாம் கொட்டிப்போனது. செத்துப் பிறந்த குழந்தையைப் பெற்றவளுக்குத் தெரியாமல் தன் முந்தானையில் சுற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ஒரு மருத்துவச்சியின் கதை நாவலாக வந்தது. அப்படி ஒருத்தி உலகத்தில் இருந்ததில்லை என்று முன்னுரையிலேயே போட்டிருந்தது. தங்கபுஷ்பம் அதைப் பற்றிப் பேசத் தொடங்கி, பேச முடியாமல் அழுது, கோவில்பட்டி வண்டியை அறிவிக்க மறந்தாள். அந்த நாவலிலிருந்து எதுவும் விழவில்லை. மரியசெல்வம் அதைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார். விழவில்லை.

"நடந்ததுன்னு எழுதினது விழுது, நடக்காததுன்னு எழுதினது நிக்குது. என்ன கணக்குங்க இது, தங்கம்?" என்றார் அவர்.

"அப்படியும் சொல்ல முடியாது சார். இருபது வயசுல நான் மூணு தடவை வாசிச்சு அழுத நாவல் ஒண்ணு, அதை முந்தாநாள் திரும்ப வாசிச்சேன். யாருக்கும் பசிக்கவே இல்ல அதுல. அதைத்தான் மைக்குல சொன்னேன். நாலு பக்கம் மிஞ்சுச்சு சார். நாலே பக்கம். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல."

இப்படியே எட்டு மாதம் போயிற்று. உதிராத புத்தகம் என்றால் ஊரில் ஒரு மரியாதை வந்துவிட்டது. நூலகத்தில் அதற்கென்று ஒரு தனி அடுக்கு. அதில் இருபத்தொரு புத்தகங்கள். தங்கள் புத்தகங்கள்மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் அவற்றை ஒலிபெருக்கி எட்டாத தூரத்தில் இருந்த சம்பந்தி வீடுகளுக்கு அனுப்பி வைத்தார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவர்களில் ஒருவர்தான் ஆதிலிங்கம் முதலாளி.

உப்பூரணியைச் சுற்றியிருந்த உப்பளங்களில் பாதி ஒருகாலத்தில் அவருடையவை. எண்பத்துநாலு வயதில் தன் வாழ்க்கையை எழுதி, "வெள்ளை வயலில் எண்பது வருஷம்" என்று பெயர் வைத்து, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அச்சடித்து, ஊரில் வீட்டுக்கு ஒன்று கொடுத்திருந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கூண்டுக்கு வந்து, ஜன்னல் வழியாக ஒரு பிரதியை நீட்டினார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த அவருடைய மகன் ஜெயகரன், "அப்பா, இது எதுக்குப்பா? தெரிஞ்சே போய்..." என்று முணுமுணுத்தான்.

"நீ சும்மா கெட. என் புத்தகத்துல ஒரு பொய் கிடையாது. இந்தாம்மா, நீ வாசி. மனசுல என்ன படுதோ அதைச் சொல்லு. தவசிமுத்து மகதான நீ?"

"ஆமா முதலாளி."

"நல்ல வேலைக்காரன். என்ன செய்ய, அந்தப் பழக்கம் இருந்துச்சு."

தங்கபுஷ்பம் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். அந்தப் பழக்கம் என்றால் குடி. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு கார்த்திகை மாதத்து மத்தியானம் புயல் கரையேறி, உப்பளத்துக்குள் கடல் புகுந்து, உப்பு மூட்டை அடுக்கியிருந்த கொட்டகையோடு அவள் அப்பா உட்பட ஆறு பேரை எடுத்துக்கொண்டு போனது. எல்லாரையும் கரைக்குப் போகச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார், மற்ற எல்லாரும் போய்விட்டார்கள், அந்த ஆறு பேர் மட்டும் குடித்துவிட்டுக் கொட்டகையில் கிடந்தார்கள் என்று ஊர் சொன்னது. முதலாளி சொன்னார், அதனால் ஊர் சொன்னது. பள்ளிக்கூடத்தில் அவளைக் குடிகாரன் மகள் என்றார்கள். அவளுடைய அம்மா சீனியம்மாள் அந்த மனிதருக்கு ஒரு படம் மாட்டவில்லை, வருஷத் திதிக்கு ஒரு விளக்கு ஏற்றவில்லை. "பிள்ளையையும் பெண்டாட்டியையும் நெனைக்காம குடிச்சுட்டுக் கிடந்தவனுக்கு விளக்கு ஒரு கேடா" என்று, இப்போது காது மந்தமாகிவிட்ட எழுபத்தெட்டு வயதிலும், கார்த்திகை பிறந்தால் வைதுகொண்டிருந்தாள்.

புத்தகத்தில் நூற்று அறுபத்தாறாம் பக்கத்தில் அந்தப் புயல் இருந்தது. ஊர் சொன்னது போலவேதான் இருந்தது. தங்கபுஷ்பம் அந்தப் பக்கத்தைச் சந்தேகப்படவில்லை, வெட்கப்பட்டாள். மூன்று நாளில் வாசித்து முடித்தாள்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கே பேருந்து நிலையத்தில் கூட்டம். முதலாளியின் சக்கர நாற்காலி கூண்டுக்கு எதிரே, மடியில் அவருடைய சொந்தப் பிரதி. தங்கபுஷ்பம் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"முதலாளி புத்தகத்தை வாசிச்சேன். எழுத்து நல்லா ஓடுது, தடங்கல் இல்ல. ஆனா மனசுல பட்டதைத்தான் சொல்லணும். முந்நூத்திப் பன்னெண்டு பக்கத்துல உப்பளத்துக்காரங்க யாரும் ஒரு வார்த்தை பேசல. எல்லாரும் வணக்கம் சொல்லுதாங்க, அவ்வளவுதான். எண்பது வருஷம் உப்புல நின்னவரு புத்தகத்துல ஒருத்தர் காலும் வெடிக்கல, ஒருத்தர் கண்ணும் கூசல. இவரு எங்களைப் பார்த்ததே இல்லையோன்னு எனக்குத் தோணுச்சு. எனக்கு அது கஷ்டமா இருந்துச்சு."

சத்தம் இந்த முறை எள் கொட்டுவதாக இல்லை. லாரியிலிருந்து உப்பைச் சரிப்பது போல இருந்தது. வீட்டுக்கு ஒன்று கொடுத்த புத்தகம் அல்லவா, தெருத் தெருவாக, அலமாரிக்குள்ளும் தொலைக்காட்சிப் பெட்டிமேலும் பூஜை மாடத்திலும் இருந்து ஒரே நேரத்தில் கொட்டியது. முதலாளியின் வெள்ளை வேட்டி கறுப்பாயிற்று. கூட்டம் வழக்கம் போலக் காலை நகர்த்தி இடம் விட்டு, என்ன மிஞ்சியது என்று காத்திருந்தது. மிஞ்சியதை வாசிப்பது அவள் வழக்கம்.

தங்கபுஷ்பம் பக்கங்களைப் புரட்டினாள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. பதினோராம் பக்கத்தில், முதலாளியின் பிள்ளைப்பருவம் இருந்த இடத்தில், ஒரு சொல் நின்றது. "அன்று" என்று வாசித்தாள். ஊரின் முதல் சினிமாக் கொட்டகைக் கட்டடத்தை அவர் திறந்துவைத்த பக்கத்தில், "கொட்டகைக்." அம்மன் கோயிலுக்கு அவர் தேக்கில் செய்துகொடுத்த பக்கத்தில், "கதவை." மருத்துவ முகாமுக்கு டாக்டர்களை வரவழைத்த பக்கத்தில், "வெளியிலிருந்து." அவள் குரல் இன்னும் வண்டி அறிவிக்கும் குரலாகவே இருந்தது, ஏனென்றால் அவள் ஒவ்வொரு சொல்லாகத்தான் வாசித்தாள், சேர்த்துக் கேட்கவில்லை. பொங்கல் பந்தயத்தில் அவர் தன் கையால் வண்டியில் மாடு பூட்டிய பக்கத்தில், "பூட்டியது." பிறகு நூறு பக்கத்துக்கு ஒன்றும் இல்லை. புத்தகம் முழுக்க ஆயிரம் தடவை வந்த ஒரு சொல், கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு தடவை மிஞ்சியிருந்தது.

"நான்தான்."

எட்டு ஒலிபெருக்கியிலும் அது போய் ஊரெல்லாம் நின்றது. தங்கபுஷ்பம் மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். அன்று கொட்டகைக் கதவை வெளியிலிருந்து பூட்டியது நான்தான். எட்டு மாதமாக எதற்கும் அசராத ஊர், டீயில் எழுத்து மிதந்தாலும் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்த ஊர், அப்போதுதான் முதல்முறையாக வாயடைத்து நின்றது. யாரோ ஒருவரின் கையிலிருந்து டீக்கிளாஸ் விழுந்து உடைந்தது. கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் "எங்க அண்ணே" என்று ஒரே ஒரு தடவை கத்தினாள். ஜெயகரன் ஓடிவந்து கூண்டின் கதவைத் தள்ளி மைக்கின் வயரைப் பிடுங்கப் பார்த்தான். மரியசெல்வம், அதுவரை யாரையும் கை நீட்டித் தொட்டறியாதவர், அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

முதலாளி தன் மடியில் இருந்த பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதே ஆறு பக்கங்கள். அதே ஆறு சொற்கள்.

"இதை நான் எழுதல" என்றார். அவர் பொய் சொல்வது போல இல்லை. யாரோ தன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது போல அந்தப் பக்கத்தைப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தடவினார். முகம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வந்தது. மறைத்து வைத்ததை எடுக்கிறவர் முகம் அல்ல அது. வைத்த இடத்தையே மறந்துபோனவர், கை பட்டு அதைக் கண்டெடுத்த முகம்.

தங்கபுஷ்பம் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கூண்டை விட்டு இறங்கி, வயர் எட்டும் மட்டும் நடந்து, அவர் முன்னால் போய் நின்றாள்.

"முதலாளி. பூட்டினீங்களா?"

"மூட்டை நனையும்னு..." என்றார் அவர். "தார்ப்பாய் போட்டு மூடுங்கலேன்னு சொன்னேன். கடல் ஏறுது முதலாளி, போறோம்னு அவன்தான் சொன்னான், உங்க அப்பன். அவன் சொன்னா மத்தவனும் போயிருவான். மூடிட்டுப் போங்கன்னு வெளிய பூட்டைப் போட்டேன். அரைமணி நேரத்துல வந்து திறக்கலாம்னுதான் போனேன். பாதையில தண்ணி வந்துட்டு."

"குடிச்சிருந்தாங்களா?"

மைக் அவர் வாய்க்கு முன்னாலேயே இருந்தது.

"அன்னைக்கு ஒருத்தனும் குடிக்கல" என்றார் ஆதிலிங்கம் முதலாளி. "மறுநாள் நான் சொன்னதுதான் அது. சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான்னு ஆயிட்டு."

அதற்குப் பிறகு காவல்துறை வந்ததும், அவர் சொல்லச் சொல்ல ஓர் ஏட்டு எழுதிக்கொண்டதும், அந்த வாக்குமூலத்திலிருந்து ஓர் எழுத்துகூட உதிராததும், வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போனது என்பதும், மார்கழி முடிவதற்குள் தன் வீட்டில் யாரோடும் பேசாமல் அவர் செத்துப்போனதும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, அதெல்லாம் நடக்கும் முன்னால், தங்கபுஷ்பம் மைக்கை மரியசெல்வத்தின் கையில் கொடுத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல், எழுத்துகள் கணுக்கால் வரை கிடந்த தெருக்கள் வழியாக வீட்டுக்கு நடந்தாள்.

சீனியம்மாள் முற்றத்தில் கருவாட்டைப் பரப்பிக்கொண்டிருந்தாள். காது கேட்காததால் ஒன்றும் தெரியாது. மகளின் முகத்தைப் பார்த்து, "ஏட்டி, வேலையை விட்டு எடுத்துட்டாவளா?" என்றாள்.

தங்கபுஷ்பம் அவள் காதோரம் குனிந்து சொன்னாள். முதலாளி புத்தகம், உதிர்ந்தது, மிஞ்சியது, அவர் வாயால் சொன்னது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னாள்.

கிழவி கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள்.

"வெளிய பூட்டா?"

"ஆமாம்மா."

"குடிச்சிருக்கலியா?"

"இல்லம்மா. போயிரலாம்னு சொன்னதே அப்பாதானாம்."

"அப்போ தட்டியிருப்பாரு" என்றாள் சீனியம்மாள். "அவரு கை கனத்த கை. தண்ணி ஏற ஏறத் தட்டியிருப்பாரு. நான் இங்க இருந்து அவரை வஞ்சுக்கிட்டிருந்தேன்." பிறகு கருவாட்டுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். "முப்பத்தெட்டு வருஷம், ஏட்டி. நான் அந்த மனுஷனை ஒருநாள் பாக்கி விடலியே."

மகள் தொடப் போனபோது அவள் கையை விலக்கிவிட்டு எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். பெட்டியைத் திறந்து ஒரு துவைத்த சேலையை எடுத்து உடுத்தினாள். முடியை முடிந்துகொண்டு, வெயிலில் தெருவில் இறங்கி, முதல் வீட்டு வாசலில் போய் நின்று, கூப்பிட்டாள். வெளியே வந்தவளிடம், காது கேட்காதவர்கள் பேசும் அந்தப் பெரிய குரலில், "எங்க வீட்டுக்காரரு அன்னைக்குக் குடிச்சிருக்கல" என்றாள். அந்த வீட்டுக்காரி தலையாட்டினாள். சீனியம்மாள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அந்தத் தெருவில் முப்பத்திரண்டு வீடுகள். எல்லா வீடுகளுக்கும் ஒலிபெருக்கி கேட்கும், எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். ஆனாலும் எந்த வீட்டிலும் யாரும் தெரியும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, இருந்த அத்தனை பேரும் வெளியே வந்து நின்று, அவள் சொல்லி முடிக்கும்வரை, முதல்முறையாகக் கேட்பவர்களாகக் கேட்டார்கள்.